இருவர் விகுதி

ஏப்ரல் 9

மசுகும் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தோம். அங்கோரம் நகரத்தில் காலையில் ஏறிய மோட்டார் படகு பொழுது சாயும்போதுதான் இங்கே இறக்கிவிட்டது. ஒரு மூட்டை அரிசி நனைந்துவிட்டது. புளியும் மிளகாய்த்தூளும் தப்பித்தன.

வீடு உயரமான கால்கள் மேல் நிற்கிறது. கீழே பன்றிகள். தரை பாளைப் பட்டை, நடந்தால் ஆடுகிறது. ஊரில் நாற்பது வீடு இருக்கலாம். இவர்கள் மொழிக்குத் துவேமி என்று பெயர். அதை முழுதாகப் பேசத் தெரிந்தவர்கள் ஊரில் பாதிப் பேர்கூட இல்லை, மற்றவர்களுக்கு நாடு முழுக்கப் புழங்கும் டோக் பிசின்தான். துவேமிக்கு இலக்கணம் எழுதத்தான் என் கணவர் செழியனுக்குப் பல்கலைக்கழகம் ஒரு வருடம் கொடுத்திருக்கிறது. அனுமதிக் காகிதத்தில் என் பெயருக்கு நேராக 'கள உதவி' என்று போட்டிருக்கிறார்கள்.

கான்பெராவில் நான் பார்த்த மனநல ஆலோசகர் தினமும் எழுதச் சொன்னாள். எதைப் பற்றி எழுதுவேன் என்று அவள் எதிர்பார்த்தாளோ, அதைத் தவிர மற்றதையெல்லாம் எழுதலாம் என்று இருக்கிறேன்.

ஏப்ரல் 13

இந்த வீட்டின் சொந்தக்காரர் அலோய்ஸ். ஐம்பது வயதிருக்கும். கோயிலில் ஜெபம் நடத்துகிறவர், துவேமி சுத்தமாகப் பேசுகிறவர். தினமும் காலையில் வந்து செழியனுக்குச் சொல்லிக்கொடுப்பார், நான் தேநீர் போட வேண்டும். மூன்று கரண்டி சர்க்கரை.

அவர் தம்பி காஸ்பர் கூரையில் ஒழுகின இடத்தை நாங்கள் கேட்காமலே வந்து அடைத்துவிட்டுப் போனான். பேச்சே கிடையாது. அவன் மனைவி நோமா எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தாள். நான்கு குழந்தைகள், கடைசியானது இடுப்பில். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். அடுப்பில் கிடந்த என் குழம்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு வாசலுக்குப் போய்த் துப்பினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன் என்று செழியன் சொன்னார். அதையும் ஒரு குற்றம்போலத்தான் சொன்னார்.

மே 2

துவேமி எனக்கு அவரைவிடச் சீக்கிரம் வருகிறது. அவருக்கு இது பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் ஏதாவது வாக்கியம் சொன்னால் "யார் சொன்னது, எந்தச் சூழல்ல?" என்று கேட்கிறார்.

அவரை மயக்குகிற விஷயம் வினைகளின் வால். ஒரு வேலையைச் சொல்லும்போதே, அடுத்த வேலையைச் செய்யப்போவது அதே ஆளா, வேறு ஆளா என்பது அந்த வினையின் வாலிலேயே தெரிந்துவிடும். "நம்ம தமிழ்லயும் இருக்கே" என்றேன். "நான் சமைத்துச் சாப்பிட்டேன். நான் சமைக்க, நீங்கள் சாப்பிட்டீர்கள்."

"அது வேற, இது வேற" என்றார். சற்றுப் பொறுத்து அதைக் குறித்துக்கொண்டார்.

இன்னொன்று, செய்தவர் ஒருவரா, இருவரா, பலரா என்பதற்குத் தனித்தனி விகுதி. இருவருக்கென்று தனியாக ஒன்று இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

மே 19

நோமாவோடு சேகோ மரம் வெட்டும் இடத்துக்குப் போனேன். நம் ஊர் ஜவ்வரிசிக்கு மரவள்ளிக்கிழங்கு. இங்கே ஒரு முழுப் பனையைச் சாய்த்து, உள்ளே இருக்கும் சோற்றைக் கொத்தி எடுத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து பிசைந்து மாவு இறக்குகிறார்கள். சாய்ப்பதோடு ஆண்கள் வேலை முடிந்தது. அதன் பிறகு அந்தப் பக்கம் வர மாட்டார்கள். முழங்கால் தண்ணீர், கொசு. ஆனாலும் பெண்கள் அங்கே போக ஆசைப்படுகிறார்கள். காரணம் இன்று தெரிந்தது. வாய் ஓயாத பேச்சு, முழுக்கத் துவேமியில்.

பிள்ளைகளுக்கு ஏன் இந்த மொழியைச் சொல்லிக்கொடுப்பதில்லை என்று கேட்டேன். செழியன் கேட்கச் சொன்ன கேள்வி. நோமா பேசியதை என் ஊர்ப் பேச்சில் எழுதினால்தான் எனக்கு அவள் குரல் கேட்கும்.

"அதுங்களுக்குத் தெரிஞ்சா நாங்க எதுல பேசறது?" என்றாள். "எம் பெரிய பய கேட்டா அவுங்க அப்பன்கிட்ட சொல்லுவான். காஸ்பருக்கே பாதிதான் புரியும், வேகமாப் பேசினா அதுவும் புரியாது. எங்க ஊர்ல கதவு இருக்கற வீடு உண்டா? இதுதான் எங்களுக்குக் கதவு."

பக்கத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்த வைசா, பல்லில்லாத கிழவி, தலையாட்டினாள்.

செழியனிடம் இதைச் சொன்னேன். "மொழி அழிவுக்கு இப்படியும் ஒரு காரணமா?" என்று ஆச்சரியப்பட்டார். அழிவு என்ற சொல்லை நான் சொல்லவில்லை.

ஜூன் 4

செழியனிடம் ஆண்கள் பேச்சு நிறையச் சேர்ந்துவிட்டதாம், எல்லாம் கோயில் பேச்சு, கூட்டத்துப் பேச்சு. "இயல்பான பேச்சு வேணும் அரசி. பொம்பளைங்க தங்களுக்குள்ள பேசறது. அது உன்னாலதான் முடியும்." பதிவுக் கருவியைக் கூடையில் வைத்து எடுத்துப் போகச் சொல்கிறார். பெண்களிடம் கேட்டுவிட்டுத்தான் பதிய வேண்டும் என்று விதி இருக்கிறதே என்றேன். அலோய்ஸ் ஊர் சார்பாகச் சம்மதித்துவிட்டாராம்.

பிறகு வேறொன்றும் சொன்னார். கான்பெரா திரும்பியதும் இன்னொரு முறை முயற்சி செய்யலாம், உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டாரே என்று. எனக்கு ஏழாம் மாதத்தில் நடந்ததை இவர் 'அந்தச் சம்பவம்' என்கிறார். அதற்கு நாங்கள் ஒரு பெயர் வைத்திருந்தோம்.

"சரி" என்றேன். எதற்குச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை.

ஜூன் 5

மழை. துணி காயவில்லை.

ஜூன் 21

கீழ் ஆற்றோரம் சுகாதார நிலையத்துக்கு மருத்துவப் படகு வந்திருந்தது. நோமா குழந்தைக்கு ஊசி போட வேண்டும் என்று காஸ்பரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நானும் துணைக்குப் போனேன். குழந்தைக்கு ஊசி போட்டது உண்மைதான்.

போகும் வழியில், துடுப்புப் போட்டுக்கொண்டே சொன்னாள். கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை, இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாள், பாதிரியாரை அழைத்துவிட்டார்கள். இன்னொன்று என்றால் பிழைக்க மாட்டாள் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். காஸ்பருக்கு இன்னும் இரண்டு பையன்கள் வேண்டும். அவனைக் கெட்டவன் என்று அவள் சொல்லவில்லை. "அவன் சாகறதில்லையே, நான்தானே" என்றாள்.

நர்ஸ் நல்ல மாதிரி. மேல்கையின் உட்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, தீக்குச்சி அளவு இரண்டு குச்சிகளைத் தோலுக்கடியில் செருகிவிட்டாள். சில வருடங்களுக்குக் கர்ப்பக் கவலை இல்லை. அடுத்து யார் என்று கேட்டாள். அங்கே பெஞ்சில் நாங்கள் மட்டும்தான் உட்கார்ந்திருந்தோம்.

திரும்பும்போது நோமா ஒரு கையால் துடுப்புப் போட்டாள், நான் ஒரு கையால் தண்ணீர் இறைத்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

என் கை கொஞ்சம் கன்றியிருக்கிறது. படகில் இடித்துக்கொண்டேன் என்று செழியனிடம் சொன்னேன். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார்.

ஜூலை 8

சேகோ வேலை. கருவியைக் கூடையில் கொண்டுபோனேன். போனதும் நோமாவிடம் காட்டி, பாட்டு இரண்டு பாடச் சொன்னேன். பாடினார்கள். பாடி முடித்ததும் கூடையில் வைத்துவிட்டேன்.

மத்தியானம் வைசா நோமாவின் கையைப் பிடித்துப் பார்த்து இது என்ன தழும்பு என்று கேட்டாள். நோமா முழுக்கதையும் சொன்னாள், நடித்தே காட்டினாள். நர்ஸ் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொள்வது, நான் ஊசியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது, எல்லாம். வைசா தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள், அவ்வளவு சிரிப்பு.

கருவியில் சிவப்பு விளக்கு எரியவில்லை என்றுதான் நினைத்தேன். வெயிலில் சரியாகத் தெரியாது.

ஜூலை 9

கருவியை அவரிடம் கொடுத்தேன். "என்ன இருக்கு இதுல?" என்றார். பாட்டு என்றேன்.

ஜூலை 14

அலோய்ஸ் காலையிலேயே வந்தார். தேநீர், மூன்று கரண்டி. இரண்டு பேரும் பதிவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு வாக்கியம் ஓடும், நிற்கும், அலோய்ஸ் பொருள் சொல்வார், செழியன் எழுதுவார். பாட்டு முடிந்தது. பிறகும் ஓடியது. தண்ணீர்ச் சத்தம், குழந்தை அழுகை. பிறகு நோமாவின் குரல்.

அடுப்பில் சோறு பொங்கியது, நான் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்கிறாள் என்று அங்கிருந்து சரியாகக் கேட்கவில்லை.

செழியன் உற்சாகமாகிவிட்டார். மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்த வால் ஒன்று அந்தப் பேச்சில் வந்துவிட்டதாம். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். அலோய்ஸ் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"இருவர் விகுதி வருது பாருங்க" என்று செழியன் டோக் பிசினில் கேட்டார். "போனது ரெண்டு பேர், கையில வச்சதும் ரெண்டு பேருக்கு. நோமா ஒருத்தி. இன்னொருத்தர் யாரு?"

அலோய்ஸ் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்ததாக எனக்குத் தோன்றியது.

"உன் மனைவி" என்றார்.

தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனார். செழியன் தலை நிமிரவில்லை. பேனா ஓடிக்கொண்டே இருந்தது. அந்த வாக்கியத்தை முழுதாக எழுதி முடித்துவிட்டுத்தான் மூடினார்.

சோறு குழைந்துவிட்டது. இரண்டு பேரும் சாப்பிட்டோம். ஊறுகாய் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 15

காஸ்பர் வீட்டில் கூச்சல் எதுவும் இல்லை. அதனால் ஒன்றும் நடக்காது என்றே நினைத்தேன். பத்து மணி வாக்கில் வைசா வந்து செழியனிடம் மருந்துப் பெட்டியைக் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை.

காஸ்பர் நோமாவின் கையைச் சவர பிளேடால் கிழித்து எடுத்திருக்கிறான். அலோய்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாராம். ஒரு குச்சிதான் வந்தது. இன்னொன்றைத் தேடியிருக்கிறான்.

நான் வாசல்வரை போனேன். நோமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாழை இலையில் கட்டிய கையை மடியில் இன்னொருவருடைய பொருள்போல வைத்திருந்தாள். பெரிய பையன் பக்கத்தில் நின்று ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

செழியன் காயத்தைக் கழுவினார். நன்றாகக் கட்டினார், மாத்திரை எப்போதெப்போது என்று மூன்று முறை சொன்னார். திரும்பி வந்து கையை வெகுநேரம் சோப்புப் போட்டுக் கழுவினார்.

"நிறுத்தியிருக்கலாமே" என்றேன். "புரிஞ்ச உடனே நிறுத்தியிருக்கலாமே."

"பாதியில நிறுத்தினா அலோய்ஸுக்கு இன்னும் சந்தேகம் வரும்" என்றார். பிறகு, "பாட்டுன்னுதானே சொன்னே" என்றார்.



ஜூலை 17

காஸ்பர் எங்கள் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தான். செழியன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் உள்ளே இருந்தேன். ஒற்றைச் சுவர், எல்லாம் கேட்கும்.

அவன் டோக் பிசினில் பேசினான். இத்தனை மாதத்தில் அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "நான் தெனமும் அவளுக்காகத்தான் காட்டுக்குப் போறேன், மீன் பிடிக்கறேன். ஊரே சிரிக்குது. நீயும் நானும் ஒண்ணுதான், நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் ஏமாத்தினாங்க. நான் என்ன செஞ்சேன்னு பாத்தே. நீ உன் பொண்டாட்டிய என்ன செய்யப்போறே?"

செழியன் கொஞ்சம் யோசித்தார். "எங்க வழக்கம் வேற" என்றார்.

"என்ன வழக்கம்?"

காஸ்பர் காத்திருந்தான். பிறகு எச்சில் துப்பிவிட்டு எழுந்து போனான். இரண்டு நாளாகவே ஊர் ஆண்கள் இவரைப் பார்த்தால் முதலில் சிரிக்கிறார்கள், பிறகுதான் வணக்கம் சொல்கிறார்கள்.

என்ன செய்யப்போறே என்று அவன் கேட்ட கேள்வியை இவர் என்னிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன்.

ஜூலை 23

அலோய்ஸ் வருவதை நிறுத்திவிட்டார். அவருக்குப் பதிலாக வேறு யாரும் வரவில்லை. செழியன் எழுதியதையே திரும்ப எழுதுகிறார்.

ஜூலை 28

நோமா சேகோ இடத்துக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டு நானும் போனேன். கூடை எடுத்துக்கொள்ளவில்லை. வெறும் கையை எல்லோருக்கும் தெரியும்படி வீசிக்கொண்டு நடந்தேன்.

தூரத்திலேயே பேச்சுச் சத்தம் கேட்டது. என்னைப் பார்த்ததும் வைசா ஒரு சொல் சொன்னாள். பேச்சு நின்றது. பிறகு தொடங்கியது, டோக் பிசினில். வைசாவுக்கு அது சரியாக வராது. ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிப் பேசினாள், ஆனால் துவேமிக்கு மாறவில்லை.

நோமா ஒற்றைக் கையால் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் இறங்கி அவள் பக்கத்தில் நின்று பிசைய ஆரம்பித்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நான் துவேமியில், "வலிக்குதா?" என்று கேட்டேன்.

அவள் டோக் பிசினில் பதில் சொன்னாள். கடைக்காரனிடம், பாதிரியாரிடம், அரசாங்க ஆளிடம் பேசுகிற மொழியில்.

"நர்ஸ்கிட்ட போகணும். மிச்சம் ஒண்ணு உள்ளயே உடைஞ்சிருக்கு. காஸ்பர் விட மாட்டான்."

"அந்தக் கருவி ஓடறது எனக்குத் தெரியாது நோமா."

"தெரியும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நான் கதை சொல்றப்ப நீ ரெண்டு தடவை கூடையப் பார்த்தே. இவ எதுக்கு அங்கயே பார்க்கறான்னு அப்பவே நினைச்சேன். இப்ப புரியுது. உன் புருஷன்கிட்ட சொல்ல உனக்கு வாய் வரலை. என் வாயால சொல்ல வச்சுக்கிட்டே."

"அப்படி இல்லை" என்றேன்.

"உன் கையக் காட்டு" என்றாள்.

நான் காட்டவில்லை. அவளாகவே என் சட்டைக் கையை மேலே தள்ளினாள். ஈரக் கையில் மாவு ஒட்டியிருந்தது. விரலால் தடவிப் பார்த்தாள். இரண்டு குச்சியும் வரிசையாக, அப்படியே இருந்தன.

"அப்படியே இருக்கு" என்று வைசாவிடம் சொன்னாள். அதையும் டோக் பிசினில்தான் சொன்னாள், எனக்குப் புரிய வேண்டும் என்று.

ஜூலை 29

அப்படி இல்லை.

ஆகஸ்ட் 11

அங்கோரம் விடுதி. எட்டு மாதம் முன்னதாகவே கிளம்பிவிட்டோம். பல்கலைக்கழகத்துக்கு 'உடல்நிலைக் காரணம்' என்று எழுதினார். யாருடைய உடல்நிலை என்று எழுதவில்லை.

கிளம்பும்போது படகுத்துறைக்கு யாரும் வரவில்லை. மிஞ்சிய அரிசியையும் கொசுவலையையும் நோமா வீட்டில் வைக்கலாம் என்று போனேன். காஸ்பர்தான் இருந்தான். வாங்கிக்கொண்டான், நன்றி சொன்னான். நோமா எங்கே என்று கேட்டேன். காய்ச்சல், உள்ளே படுத்திருக்கிறாள் என்றான். மருந்துப் பெட்டியை முழுதாகக் கொடுத்தேன். சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போ என்றேன். பார்க்கலாம் என்றான்.

செழியன் படகில் மடிக்கணினியை நனையாமல் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஆகஸ்ட் 30, கான்பெரா

சுகாதார நிலையத்து நர்ஸுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

செப்டம்பர் 21

இன்னொன்று அனுப்பினேன்.

நவம்பர் 2

நர்ஸ் பதில் போட்டிருந்தாள். மசுகும் பக்கம் மருத்துவப் படகு இப்போது போவதில்லை, எண்ணெய்க்குப் பணம் இல்லை. கை வீங்கி ஒரு பெண்ணை அங்கோரத்துக்குக் கொண்டுவந்ததாகக் கேள்வி, பெயர் தெரியவில்லை, பிறகு என்ன ஆயிற்று என்றும் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறாள்.

செழியனிடம் காட்டினேன். படித்தார். "அது வேற ஊர்ப் பொண்ணா இருக்கலாம்" என்றார்.

மார்ச் 6

வெயில் தணியத் தொடங்கிவிட்டது. நர்ஸிடமிருந்து பிறகு ஒன்றும் வரவில்லை.

செழியனின் கட்டுரையை ஒரு பெரிய ஆய்விதழ் எடுத்துக்கொண்டது. அடுத்த மாதம் இங்கே கருத்தரங்கில் வாசிக்கிறார். அச்சுக்குப் போகுமுன் துவேமி வாக்கியங்களை என்னைச் சரிபார்க்கச் சொன்னார். எனக்குத்தான் காது நன்றாக இருக்கிறதாம். சமையலறை மேசையில் உட்கார்ந்து பார்த்தேன். நாற்பத்தாறு வாக்கியங்கள் மீன், மழை, ஜெபம். நாற்பத்தேழாவது அவளுடையது. பேசியவர் பெயர் இல்லை, 'பெண், சுமார் முப்பது' என்று மட்டும் இருக்கிறது. கீழே சொல்லுக்குச் சொல் பொருள், அதற்குக் கீழே மொழிபெயர்ப்பு. 'நாங்கள் இருவரும் போய், அதைக் கையில்' என்பதோடு நின்றிருந்தது. மிச்சத்துக்கு ஒரு கோடு இழுத்து விட்டிருந்தார்.

அவர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். வந்து எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியவில்லை.

"இந்த இடத்துல ஒரு சந்தேகம்" என்றார். குரல் வகுப்பில் பேசும் குரல்தான். "'வைத்துவிட்டார்கள்'னு போடறதா, 'வைத்துக்கொண்டோம்'னு போடறதா? நர்ஸா செஞ்சதா, இல்ல இவங்க விரும்பிக் கேட்டு வாங்கினதா? எனக்கு வினையிலேர்ந்து தெரியலை. துவேமியில விருப்பம் வெளிப்படையா வராது."

அத்தனை மாதத்தில் அவர் அதைப் பற்றிக் கேட்டது இது ஒன்றுதான்.

"வைத்துக்கொண்டோம்" என்றேன்.

மேசைக்கு வந்து, குனிந்து, கோட்டின் மேல் அந்தச் சொல்லை எழுதினார். எழுத்துப்பிழை இல்லாமல், ஒற்று விடாமல். காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.